நூல் சுற்றவா படிக்க வைத்தேன் என்று கேட்ட அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

உங்கள் மாமியார் காலமெல்லாம் சுங்குடிச் சேலைக்கு, சாயம் ஏறாமல் புள்ளி விழும்படி, முடிச்சுப் போட்டுக் கண் மங்கிப்போனதை எழுதியிருந்தீர்கள். ப்ளஸ் டூவில் வேதியியலில் முதலாவதாக வரும் பேத்தி இப்போது இயற்கைச் சாயம், கைத்தறி என்று நிற்கிறாள். "மறுபடியும் நூல் சுற்றவா படிக்க வைத்தேன்?" என்ற உங்கள் கேள்வி நியாயமானது. மதுரையில் முடிச்சுக்கூலியை எண்ணி வாங்கிய வீட்டில் வேறெப்படிக் கேட்பார்கள்?

முதலில் அந்தக் கூலிக் கணக்கையே பார்ப்போம். புள்ளி நெருக்கமான ஒரு சுங்குடிச் சேலைக்கு 20,000 முடிச்சு வரை போகும். நகத்தால் துணியைக் கிள்ளி, நூலை இறுக்கிச் சுற்றி, அடுத்த புள்ளிக்குப் போக வேண்டும். 10 முதல் 15 நாள் வேலை. நாளுக்கு 500 ரூபாய் கூலி என்று வைத்தாலும் 12 நாளுக்கு 6,000 ஆகிறது. துணி, சாயம், கடைக்காரர் லாபம் எல்லாம் அதற்கு மேல். அப்படியானால் 800 ரூபாய்க்குச் சுங்குடி என்று விற்பது என்ன? அச்சடித்த புள்ளி. மதுரைச் சுங்குடிக்கு 2005-லேயே புவிசார் குறியீடு, அதாவது ஊர்ப் பெயரோடு சேர்ந்த பொருளுக்கான சட்டப் பாதுகாப்பு, கிடைத்துவிட்டது. ஆனாலும் முடிச்சுச் சேலையும் அச்சுச் சேலையும் ஒரே பெயரில் பக்கத்துப் பக்கத்தில் தொங்குகின்றன. உங்கள் மாமியாரின் உழைப்பு அந்த இடத்தில்தான் காணாமல் போனது. அவர் கையில் குறையில்லை. இது முடிச்சு, இது அச்சு என்று வாங்குபவருக்குக் காட்டி, உரிய விலை சொல்ல அவர் பக்கம் ஆளில்லை.

உங்கள் மகள் அந்த ஆளாக வேண்டும். கூலிக்கு முடிச்சுப் போடுபவளாக மட்டும் போகிறாள் என்றால் நானும் தடுப்பேன்.

வேதியியல் வீணாகிறதே என்று வருந்துகிறீர்கள். அம்மா, அவுரிச் செடியின் நீலச்சாயம் போடும் தொட்டியை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். அவுரியின் நீலம் தண்ணீரில் கரையாது. தொட்டியைப் புளிக்கவைத்து, ஆக்சிஜனை இழக்கச் செய்தால்தான் கரையும். முக்கி எடுக்கும்போது துணி மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். அவள் பாடத்தில் ஆக்சிஜனேற்றம், ஒடுக்கம் என்று படிக்கிறாளே, அதேதான். கடுக்காயும் படிகாரமும் நிறத்தை நூலில் பிடித்துவைக்கின்றன. மஞ்சள் வெயிலில் வெளிறிவிடும். எது நிற்கும், எது போகும் என்று சோதித்து, எழுதிவைத்து, அடுத்த முறையும் அதே நிறத்தைக் கொண்டுவரத் தெரிந்த சாயக்காரருக்கு என்றும் வேலை இருக்கும். நொய்யல் ஆற்று மாசுக்காக 2011-இல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை உயர் நீதிமன்றம் மூடச் சொன்ன பிறகு, சாயக்கழிவைப் புரிந்துகொண்டவர்களுக்குப் பெரிய ஆலைகளிலும் தேவை கூடியது. தறிப்பக்கம் வருமானம் போதவில்லை என்றால் அவளுக்கு அந்தக் கதவும் திறந்திருக்கும்.

எங்கே படிப்பது? ஒன்றிய ஜவுளித் துறையின் கீழ் சேலத்தில் இயங்கும் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகத்தைத்தான் முதலில் சொல்வேன். நூல், தறி, சாயம் மூன்றையும் கையால் தொட்டுக் கற்கலாம். சென்னை நிஃப்டில் (தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனம்) ஜவுளி வடிவமைப்பு நல்ல படிப்பு. ஆனால் 4 ஆண்டுக்குப் பல லட்சம் ஆகும். கடன் வாங்கிச் சேர்ப்பதாக இருந்தால் என்னோடு ஒருமுறை பேசிவிட்டு முடிவெடுங்கள். அதன் நுழைவுத் தேர்வு பொதுத்தேர்வுக்கு முன்பே நடந்துவிடும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். இரண்டும் அமையாவிட்டால் கோவை அவினாசிலிங்கம் மகளிர் பல்கலைக்கழகத்தில் ஜவுளித் துறை இருக்கிறது. தெருமுனை 'ஃபேஷன்' சான்றிதழுக்கு மட்டும் பணம் கட்டாதீர்கள்.

எந்தப் படிப்பானாலும் கணக்கெழுதக் கற்றாக வேண்டும். கைவினையில் ஆர்வத்தோடு இறங்கும் பெண்கள் தங்கள் நேரத்துக்கு விலை போடாமலேயே விற்றுத் தளர்ந்துபோவதை நிறையப் பார்த்துவிட்டேன். எனக்கு ஆறாத வருத்தம் அது. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 25 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் பெயரில் விலைச்சீட்டு போகிறது?

படித்து முடித்ததும் கடை திறக்க அவசரப்பட வேண்டாம். இரண்டு ஆண்டாவது யாரிடமாவது வேலை பார்க்கட்டும். பிறகு சுங்குடிக் குறியீட்டின் அங்கீகரிக்கப்பட்ட பயனராகத் தன் பெயரைப் பதிந்துகொள்ளலாம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் கிராமத்தில் தொழில் தொடங்கும் பெண்களுக்கு 35 சதவீதம் வரை மானியம் உண்டு.

இந்த அரையாண்டு விடுமுறையில் ஒன்று செய்யுங்கள். ஒரு கெஜம் வெள்ளை மல் துணி வாங்கி, மகளைப் பாட்டியின் பக்கத்தில் உட்காரவையுங்கள். பார்வை மங்கினாலும் விரலுக்கு வழி தெரியும், அவர் சொல்லிக்கொடுப்பார். தினம் மூன்று மணி நேரம், பத்து நாள். எத்தனை முடிச்சு, எவ்வளவு நேரம், எங்கே நூல் நழுவியது என்று நோட்டில் எழுதட்டும். நாலாம் நாளே முதுகு வலித்து விட்டுவிட்டால் திட்டாதீர்கள், இப்போதே தெரிந்ததே என்று பொறியியல் விண்ணப்பத்தை எடுத்துக்கொள்ளலாம். பத்தாம் நாளும் உட்கார்ந்திருந்தால், அந்த நோட்டோடு அவளை என்னிடம் அழைத்து வாருங்கள். முடிந்தால் பாட்டியையும்.