எட்டாம் பந்தில் மட்டும் கை நடுங்குகிறதா?

பூல் (pool) மேசையில், பயிற்சியின்போது சுலபமாகக் குழியில் விழும் எட்டாம் பந்து, அதாவது வெல்வதற்குக் கடைசியாகப் போடும் பந்து, ஆட்டத்தில் மட்டும் கை நடுங்கித் தவறுகிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் ரொம்ப நாள் இருந்த தொல்லைதான். நடுக்கத்தை விடுங்கள், அது வரத்தான் செய்யும். கெடுப்பது பின்கைப் பிடி, அதாவது பந்தை அடிக்கும் கோலான க்யூவின் பின்பக்கத்தை நாம் பிடிக்கும் விதம். பதற்றத்தில் விரல்கள் இறுகி, க்யூ கோணலாகப் போய்விடும். அப்புறம், பந்து விழுகிறதா என்று பார்க்கத் தலையை வேறு தூக்கிவிடுவோம்.

கோணம், வேகம் இரண்டையும் நின்றபடியே முடிவு செய்யுங்கள். மூச்சை மெதுவாக விட்டுவிட்டுக் குனியுங்கள். குனிந்தபின் சந்தேகம் வந்தால் எழுந்து மறுபடி தொடங்குங்கள். பார்ப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

பயிற்சியில், ஒரே பந்தை ஒரே இடத்தில் வைத்துத் தொடர்ந்து 10 முறை போடுங்கள். தவறினால் முதலிலிருந்து. ஒன்பதாவது முறை குனியும்போது அதே நடுக்கம் வந்து நிற்கும், பாருங்கள்.