ஏர் ரைஃபிள்: ஜீரோ நிக்கலை, பெல்லட் செலவும் கட்டுப்படியாகலை – பதில்

வணக்கம் சார். கும்பகோணத்துல கொல்லையில 10 மீட்டர்ல பேப்பர் டார்கெட், .177 (குழல் விட்டம், அங்குலத்துல) ஸ்பிரிங் ரைஃபிள், புது ஸ்கோப் போட்டும் ஜீரோ (குறி வச்ச இடத்துலயே குண்டு விழுற அமைப்பு) நகருது, பெல்லட் (ஈயக் குண்டு) செலவும் கட்டுப்படியாகலைன்னு கேட்டிருக்கீங்க. ஸ்கோப்பை மாத்துறதுக்கு முன்னாடி, அதை ரைஃபிளோட பிடிச்சு வைக்கிற மவுண்ட்டைப் பாருங்க.

ஸ்பிரிங் ரைஃபிள் முதல்ல பின்னால உதைக்கும், பிஸ்டன் போய் முட்டினதும் முன்னால இழுக்கும். இந்த ரெட்டை உதறல்ல மவுண்ட், ரைஃபிள் மேல இருக்கிற ரெயில்ல (பள்ளம் வெட்டின பட்டை) கொஞ்சங்கொஞ்சமா பின்னால நழுவும். மவுண்ட்டுக்குப் பின்னால ஒட்டினாப்ல பென்சில் கோடு போட்டு 20 தடவை சுடுங்க. கோடு மறைஞ்சா மவுண்ட்தான் குத்தவாளி. ரெயில்ல எண்ணெய்ப் பிசுக்கு இல்லாம ஸ்பிரிட்ல துடைச்சு, ஸ்டாப் பின் (நழுவாம தடுக்கிற ஊசி) உள்ள 11 மி.மீ. ஒற்றைத்துண்டு மவுண்ட் போடுங்க. ஸ்டாக் (பின்கட்டை) ஸ்குரூவையும் முறுக்கிப் பாருங்க, பாதிப் பேர் அதை மறந்துடுறாங்க.

கோடு அப்படியே இருந்தும் ஜீரோ ஓடினா, ஸ்கோப்பைச் சுத்திப் பிடிக்கிற ரிங் ஸ்குரூவும் இறுக்கமா இருந்தா, ஸ்கோப் உள்ளே ரெட்டிகிள் (குறிபார்க்கிற குறுக்குக்கோடு) ஆடியிருக்கலாம். வெடிமருந்துத் துப்பாக்கிக்கான ஸ்கோப் பலதும் 100 கஜத்துக்கு பாரலாக்ஸ் (கண்ணை நகர்த்தினா குறி நகர்ற மாதிரி தெரியுற பிழை) சரிசெஞ்சு வச்சது. 10 மீட்டர்ல மங்கலாத்தான் தெரியும். ஏர்கன்னுக்கு ஏத்தது, 10 கஜம் வரை கிட்டத்துலயும் ஃபோகஸ் ஆகிற ஏஓ (முன் லென்ஸைத் திருப்பி தூரம் சரிசெய்யுற வசதி) உள்ள 3-9x40 (3 முதல் 9 மடங்கு பெரிசாக்கும், 40 மி.மீ. லென்ஸ்) ஸ்கோப் வாங்குங்க. நம்ம ஊர் ஈரக்காத்துல உள்ளே பனி படியாம இருக்க, நைட்ரஜன் நிரப்பினது அவசியம். ஸ்கோப் திருகோட ஒரு கிளிக் கால் எம்ஓஏ (சின்ன கோண அளவு)ன்னா, அது 10 மீட்டர்ல சுமார் 0.7 மி.மீ.தான்; 2 செ.மீ. கீழ அடிச்சா 28 கிளிக் மேல திருப்பணும்.

பெல்லட்டுக்கு வெளிநாட்டு டப்பா வேண்டாம். உள்நாட்டுத் தட்டைமுனை, 8 கிரெயின் (எடை அளவு, சுமார் அரை கிராம்) அளவுல, ரெண்டு மூணு பிராண்ட் ஒவ்வொரு டப்பா வாங்கி, அஞ்சஞ்சு குண்டா சுட்டு, எவ்வளவு நெருக்கமா விழுதுன்னு (குரூப்) பாருங்க. நெருக்கமா விழுறதை அதே பேட்ச்ல மொத்தமா எடுங்க. திருச்சிப் பக்கம் சுடுறவங்களோட சேர்ந்து ஆர்டர் போட்டா கூரியர் செலவு பங்காயிடும். பாவாடை (பெல்லட்டோட அகன்ற பின்பக்கம்) நசுங்கினதை ஒதுக்குங்க. பெல்லட் ஈயம், அதனால சுட்டதும் கை கழுவுங்க. கொக்கு, மடையான் பக்கம் குழலைத் திருப்பவே கூடாது, அதுகளைச் சுடுறது வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.