முறுக்கு எங்கே?

கேள்வி: மணப்பாறையில் மூன்று தலைமுறையாக முறுக்கு போடுகிறோம். கடைக்கு வெப்சைட் இருக்கிறது. பெரியவர்கள் பார்த்துவிட்டுப் போன் செய்கிறார்கள். கல்லூரியில் படிக்கும் என் மகளும் அவள் தோழிகளும் திறந்த வேகத்தில் மூடிவிடுகிறார்கள். கேட்டால் "பழசா இருக்கும்மா" என்பதோடு சரி. ஒரு வரிகூடப் படிக்காமல் எப்படி முடிவு கட்டுகிறார்கள்?
– ஒரு வாசகி, மணப்பாறை

பதில்: உங்கள் தளத்தை என் போனில் திறந்தேன். முதலில் பிள்ளையார். அவருக்குக் கீழே "அன்புடன் வரவேற்கிறோம்" என்று சிவப்பு எழுத்து வலமிருந்து இடமாக ஓடுகிறது. அப்புறம் தாத்தா காலத்துக் கடை வரலாறு. நான்கு தடவை விரலால் தள்ளிய பிறகுதான் முறுக்கு கண்ணில் பட்டது, அதுவும் தபால்தலை அளவில்.

என் அக்கா மகளுக்கு வயது இருபது. அவளிடம் போனை நீட்டி, "ஒண்ணு" என்று சொல்லி முடிப்பதற்குள் கையால் மூடினேன். "என்ன விக்கிறாங்க?" என்றேன். "கோயில் நன்கொடையா மாமா?" என்றாள்.

படிக்காமல்தான் முடிவு கட்டுகிறார்கள் அம்மா. கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் லிண்ட்கார்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர் இணையப் பக்கங்களை 50 மில்லி விநாடி, அதாவது ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் காட்டி, எவ்வளவு ஈர்க்கிறது என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். அரை நொடி பார்த்துப் போட்ட மதிப்பெண்ணோடு அது நன்றாகவே ஒத்துப்போனது. ஆய்வு வெளியான ஆண்டு 2006.

இளையவர்களுக்கு எது பிடிக்கிறது என்று அமெரிக்காவில் சூசன் ஜமஸ்பி குழுவினர் தனியாகவே ஆராய்ந்து 2010-ல் எழுதினார்கள். பெரிதாக ஒரு படம், பிரபலங்களின் முகம், கொஞ்சமே எழுத்து, ஒரு தேடுபெட்டி. பிரபலம் என்றதும் நடிகர் படத்தை எங்கிருந்தாவது எடுத்து ஒட்டிவிடாதீர்கள், வக்கீல் நோட்டீஸ் வரும். உங்கள் கடையில் பிரபலம் முறுக்குதான். ஒன்றைப் பாதியாக உடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, சீரகமும் எள்ளும் தெரியக் கிட்டத்தில் படம் எடுங்கள். போன் திரையில் பாதியை அது அடைக்கட்டும். மணப்பாறை முறுக்குக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததை வரலாற்றின் ஒன்பதாவது வரியில் புதைத்துவைத்திருக்கிறீர்கள். அதைத் தோண்டியெடுத்துப் படத்துக்குக் கீழே போடுங்கள். தாத்தாவுக்குத் தனிப் பக்கம் கொடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்.

எனக்கு இதையெல்லாம்விடப் பெரிய குறையாகப் பட்டது "விலைக்கு அழைக்கவும்" என்ற வரி. இருபது வயதுக்காரர்களுக்கு முன்பின் தெரியாத கடைக்குப் போன் போட்டு விலை கேட்பது, யார் வீட்டுக் கதவையோ தட்டுகிற மாதிரி. கால் கிலோ இவ்வளவு, அரை கிலோ இவ்வளவு, கூரியர் செலவு தனி என்று எழுதிவிடுங்கள். போன் நம்பரை மட்டும் மேலேயே விட்டுவையுங்கள், பெரியவர்கள் தேடுவார்கள்.

இன்னொன்று, உங்கள் வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கிடக்கின்றன. ஆங்கிலத்துக்கு விடும் இடைவெளி தமிழுக்குப் போதாது. மேல்வரி 'கூ'வின் வாலும் கீழ்வரி 'கீ'யின் சுழியும் இடித்துக்கொள்கின்றன. எழுத்து அளவைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேலேயே வரி உயரம் வைக்கச் சொல்லுங்கள்.

மகளைத் திட்டாதீர்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு 2002-ல் 2,684 பேரிடம் எந்தத் தளத்தை நம்புவீர்கள், ஏன் என்று கேட்டது. அவர்கள் எழுதிய கருத்துகளில் 46.1 சதவீதம் தளத்தின் தோற்றத்தைப் பற்றியவை. அவர்கள் எல்லாரும் இளசுகள் இல்லை. உங்களுக்குப் போன் செய்யும் பெரியவர்களில் எத்தனை பேர் பிள்ளையாரைப் பார்த்து நம்பினார்களோ!

கேள்வி: கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிறேன். வெப்சைட்டுக்குக் கறுப்புப் பின்னணி வைத்தால் இளசுகளுக்குப் பிடிக்குமாமே?
– ஒரு வாசகர், சிவகாசி

பதில்: பிடிக்கலாம். பத்திரிகையைத் தேர்ந்தெடுக்க மாப்பிள்ளையின் பாட்டியும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், அவரிடமும் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.