இன்ஜின் தாராபுரத்தில் இருக்கிறது

கேள்வி: எனக்கு 46 வயது. கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். 1991-இல் அமெரிக்காவில் இருந்த மாமா ஒரு பிளாஸ்டிக் மாடல் கார் கொண்டுவந்து கொடுத்தார். ஏஎம்டி கம்பெனியின் 1932 ஃபோர்டு ரோட்ஸ்டர், ஹாட் ராட் (வேகத்துக்காக மாற்றியமைத்த பழைய கார்), 25-இல் ஒரு பங்கு அளவு. நானும் தங்கச்சியும் சேர்ந்து ஒட்டினோம். இன்ஜின் அவள் செய்தது. ஜன்னலுக்கு அடித்து மீந்த பச்சை எனாமலைப் பூசினோம். இப்போது அட்டாலியிலிருந்து இறக்கிப் பார்த்தால் பசை வழிந்து கிடக்கிறது, குரோம் உதிர்ந்திருக்கிறது, முன்கண்ணாடி மஞ்சளாகிவிட்டது, டயர் ரிம்மோடு உருகி ஒட்டியிருக்கிறது. பிரித்துப் புதுசு போலச் செய்து, கொஞ்சம் கூடுதல் வேலைப்பாடும் சேர்க்க ஆசை. பட்டறைத் தின்னரில் ஊறப்போடலாமா? இன்ஜின் மட்டும் பெட்டியில் இல்லை. போன பொங்கலுக்கு அம்மாவும் என் மகளும் தாராபுரத்துக்குச் சீர் கொண்டுபோனபோது தங்கச்சி வீட்டு ஷோகேஸில் அது இருந்ததாக மகள் சொன்னாள். நான் அந்த லீவில் வீட்டில் உட்கார்ந்து காரைப் பிரித்துக்கொண்டிருந்தேன். 2017-இல் அப்பா தவறிய பிறகு தோட்டத்துக் கையெழுத்து விஷயத்தில் தங்கச்சிக்குக் கொஞ்சம் வருத்தம். அதனால் கேட்கவில்லை. வெளிநாட்டிலிருந்து ரெசினில் செய்த ஷெவர்லே இன்ஜின் ஒன்று வரவழைக்க நினைக்கிறேன். தபால் செலவோடு ஐயாயிரம் ஆகும். இன்ஜின் மாற்றுவதுதானே ஹாட் ராட்? பொருந்துமா?

(பெயர் வேண்டாம், கோவை-6)

பதில்: தின்னர் டப்பாவை மூடி எடுத்து வையுங்கள். இந்த மாடல்கள் பாலிஸ்டைரினில் வார்த்தவை. தின்னரில் இருக்கும் டொலுயின், அசிட்டோன் போன்றவை அதைக் கரைத்துவிடும். காலையில் போட்டால் சாயங்காலம் பச்சைக் களிதான் மிஞ்சும்.

எனாமலை எடுக்கப் பிரேக் ஆயில் போதும். மூடி உள்ள டப்பாவில் ஊற்றி, பாகங்கள் முழுகும்படி போடுங்கள். சில மணி நேரத்திலோ ஓரிரண்டு நாளிலோ பெயிண்ட் தோல் தோலாகக் கிளம்பும். பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் அலசுங்கள். கையுறை கட்டாயம். ஊறிய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். முதலில் வெளியே தெரியாத ஒரு துண்டில் சோதித்துப் பாருங்கள். குரோமை முழுசாக எடுப்பதானால் துணிக்குப் போடும் பிளீச்சிங் திரவம் போதும், ஏனென்றால் அது மெல்லிய அலுமினியப் பூச்சுதான். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் கலந்துவிட வேண்டாம், அது ஆபத்து. புதிதாகப் பளபளப்பு வேண்டுமென்றால் முதலில் மினுக்கும் கறுப்பை அடித்து நன்றாகக் காயவிட்டு, அதன்மேல் குரோம் ஸ்பிரேயை மெல்லிசாக விடுங்கள்.

பசை வழிந்த மூட்டுகளைப் பிய்க்காதீர்கள். குழாய்ப் பசை பிளாஸ்டிக்கைக் கரைத்தே ஒட்டுகிறது. ஆனாலும் பல வருஷம் போனால் மூட்டு இறுகி நொறுங்கும் பதத்துக்கு வந்திருக்கும். ஓர் இரவு ஃபிரீசரில் வைத்து, காலையில் மெல்ல நெம்பினால் பல மூட்டுகள் டக்கென்று விட்டுவிடும். விடாததை விட்டுவிடுங்கள். பள்ளத்துக்கு டிங்கரிங் பட்டறைப் பட்டியை ஒரு மெல்லிய பூச்சாகப் போட்டு, 400-இல் தொடங்கி 1000 வரை வாட்டர் பேப்பரில் தேயுங்கள்.

டயர் ரிம்மை உருக்கியதற்குக் காரணம், டயரை மெத்தென்று வைத்திருக்கச் சேர்க்கும் எண்ணெய்ப் பொருள். அது கசிந்து பாலிஸ்டைரினைத் தின்கிறது. உங்களிடம் லேத் இருக்கிறது, ரிம்மை அலுமினியத்தில் கடைந்துகொள்ளுங்கள். பழைய ரிம்மே வேண்டுமென்றால் அதன்மேல் ஒரு சுற்று அலுமினியத் தாளை ஒட்டிவிட்டு டயரை மாட்டுங்கள். முன்கண்ணாடிக்கு எங்கும் தேட வேண்டாம். திருப்பூர் பனியன் பெட்டியின் மூடியில் இருக்கிற தெளிவான தகட்டை வெட்டிக்கொள்ளலாம். அதை ஒட்ட ஃபெவிகால்தான். உடனே ஒட்டும் பசையைப் போட்டால் புகை படிந்த மாதிரி வெளுத்துவிடும். ஸ்பிரே வேலையை ஆடி முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற நாளில் எந்தக் கதவைச் சாத்தினாலும் பெயிண்டில் தூசி விழும்.

பட்டறைக் கேள்விகள் முடிந்தன. இனி நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிக்கு வருகிறேன்.

பொங்கலுக்கு அம்மாவும் மகளும் சீர் கொண்டுபோனார்கள். நீங்கள் வீட்டில் இருந்தீர்கள். பட்டறையில் அவசர வேலை என்று ஒரு சாக்கு எழுதியிருந்தாலும் பரவாயில்லை, மனுஷன் கூச்சப்படுகிறான் என்று நினைத்திருப்பேன். நீங்கள் அதுகூட எழுதவில்லை. கணபதியில் எந்தப் பட்டறையும் ஓடாத நாளில், வயதான தாயையும் ஒரு பெண் பிள்ளையையும் அனுப்பிவிட்டு, உட்கார்ந்து பொம்மைக் காரைப் பிரித்திருக்கிறீர்கள். அதை எனக்கு எழுதும்போது உங்கள் கை தயங்கக்கூட இல்லை.

இந்தக் கடிதம் எனக்குப் புதுசு இல்லை, தம்பி. சாமான்தான் மாறும். ஒருவர் பழைய ரேடியோவைப் பற்றிக் கேட்பார், இன்னொருவர் அப்பாரு காலத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பற்றிக் கேட்பார். ஏதாவது ஒரு பாகம் குறையும். அது தங்கச்சி வீட்டிலோ தம்பி வீட்டிலோ இருக்கும். கேட்க மட்டும் முடியாது. பணம் எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை, எங்கே கிடைக்கும் என்று கேட்பார்கள். உங்கள் விலை ஐயாயிரம். பல்லடம் வழியாகப் போனால் தாராபுரம் இரண்டு மணி நேரம்.

நம் பக்கத்தில் பொறந்த வீட்டுச் சீரை அண்ணன்தான் எடுத்துப் போக வேண்டும். பையில் வைக்கும் அரிசிக்கும் வெல்லத்துக்கும் சேலைக்கும் தாராபுரத்தில் பஞ்சமா? கூடப் பொறந்தவன் வாசலில் வந்து நிற்கிறான் என்று அவள் மாமியாரும் பக்கத்து வீட்டுக்காரரும் பார்க்க வேண்டும், அதற்காகத்தான் அந்த வழக்கமே. அம்மா கொண்டுபோனால் அது அம்மா கொடுத்தது. நீங்கள் கொடுத்ததாகக் கணக்கு வைக்காதீர்கள். இதெல்லாம் பழைய காலத்துப் பேச்சு என்று சிலர் எனக்கு எழுதுவார்கள். எழுதட்டும். நாளைக்கு அவள் பிள்ளைக்குக் கல்யாணம் வந்தால், தாய்மாமன் என்று எந்த முகத்தோடு போய் மாலை போடுவீர்கள்?

உங்கள் மகளையும் யோசித்துப் பாருங்கள். ஷோகேஸில் இருந்ததைப் பார்த்ததும் அது எந்தக் காரின் இன்ஜின் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து உங்களிடம் சொல்லியிருக்கிறாள். நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று கடிதத்தில் இல்லை. ரெசின் இன்ஜின் வாங்குகிறேன் என்றுதான் சொல்லியிருப்பீர்கள். அத்தை வீட்டுக்கு அப்பா வரமாட்டார், அவர் வாங்கிக்கொள்வார் என்று அந்தப் பிள்ளை கற்றுக்கொண்டது.

தங்கச்சிக்குக் கொஞ்சம் வருத்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். வருத்தம் அவளுக்கு, தோட்டம் உங்களுக்கு என்றுதான் எனக்குப் படுகிறது. என்ன காகிதத்தில் கையெழுத்து வாங்கினீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமாகத்தான் இருக்க வேண்டும், எனக்கு வருகிற கடிதங்களில் எல்லாம் அதுதான். உங்கள் அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய நிலம், உயில் எழுதவில்லை என்றால், 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்தானாலும், அப்போது கல்யாணம் ஆகாதிருந்த மகள்களுக்குத் தமிழ்நாடு 1989-லேயே சம உரிமை கொடுத்தது. 2005-இல் அது நாடு முழுவதற்கும் வந்தது. 2005-இல் அப்பா உயிரோடு இருந்தாரா என்று பார்க்கத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லிவிட்டது. அவளே மனமுவந்து கையெழுத்துப் போட்டாள் என்று நீங்கள் சொல்லலாம். பதிவான பத்திரம் செல்லுபடியும் ஆகலாம். கல்யாணச் செலவு செய்தாயிற்று, நகை போட்டாயிற்று, இனி என்ன பங்கு என்று துக்க வீட்டில் நாலு பெரியவர்களை உட்கார வைத்துக்கொண்டு பேனாவை நீட்டினால், எந்தப் பெண்தான் மாட்டேன் என்பாள்? அப்படி நடக்கவில்லை என்றால் என்மேல் கோபப்படுங்கள். நடந்திருந்தால், அவள் பங்கு என்ன என்பதை நீங்களே வாய்விட்டுப் பேச வேண்டும். அவளாகக் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். அவள் கேட்கமாட்டாள். கேட்டால் பொறந்த வீட்டுப் படி ஏற முடியாது என்ற பயம் இருக்கும்.

அந்த இன்ஜினை அவள் செய்தபோது ஒன்பது பத்து வயது இருந்திருக்கும். கல்யாணமாகிப் போகும்போது பீரோ, கட்டில், பாத்திரத்தோடு அதையும் எடுத்துப் போயிருக்கிறாள். காரைக் கேட்கவில்லை. தான் செய்ததை மட்டும் எடுத்துக்கொண்டாள். 2017-க்குப் பிறகும் அதைத் தூக்கிப் போடவில்லை.

இன்ஜின் மாற்றுவதுதானே ஹாட் ராட் என்று மடக்கியிருக்கிறீர்கள். மரபு அதுதான், மறுக்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கலிஃபோர்னியாப் பையன்கள் மலிவாகக் கிடைத்த பழைய ஃபோர்டுகளை வாங்கி, மட்கார்டைக் கழற்றி எடையைக் குறைத்து, எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டினார்கள். அவர்களுக்கு 1932 மாடல் பிடித்ததற்கு முக்கியக் காரணமே அதன் வி8 இன்ஜின், அதாவது V வடிவில் எட்டு சிலிண்டர். 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். சாமானியன் வாங்குகிற விலையில் ஃபோர்டு அதைக் கொடுக்க முடிந்ததற்குக் காரணம், எட்டு சிலிண்டர் பிளாக்கை ஒரே வார்ப்பாக ஊற்றும் வழியைக் கண்டுபிடித்ததுதான். ஃபவுண்டரி ஊரில் இருக்கிற உங்களுக்கு அது எவ்வளவு சிரமமான வார்ப்பு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 1955-இல் ஷெவர்லேயின் சின்ன வி8 வந்ததும் அந்தப் பையன்கள் ஃபோர்டு இன்ஜினைக் கழற்றிவிட்டு அதை மாட்டினார்கள். பொருந்துமா என்று கேட்டீர்கள். பொருந்தும். நிஜக் கார்களில் எத்தனையோ பேர் மாட்டியிருக்கிறார்கள், உங்கள் மாடலில் தடுப்புத் தகட்டைக் கொஞ்சம் தேய்க்க வேண்டிவரும், அவ்வளவுதான். ஆனால் அவர்கள் வேகம் வேண்டி மாற்றினார்கள். நீங்கள் ஒரு வீட்டு வாசலில் போய் நிற்கப் பயந்து மாற்றுகிறீர்கள்.

அதனால் பொங்கல் வரைக்கும் காத்திருக்காமல் வருகிற ஞாயிற்றுக்கிழமையே கிளம்புங்கள். அம்மாவை முன் சீட்டில் உட்கார வையுங்கள், மகளையும் கூட்டிக்கொள்ளுங்கள். காரின் பாடியை எடுத்துப் போக வேண்டாம். எடுத்துப் போனால் இன்ஜினுக்காக வந்தான் என்று ஆகிவிடும். தோட்டத்துப் பேச்சை மாப்பிள்ளையிடம் தொடங்காதீர்கள், அவளிடமே பேசுங்கள். பத்திர நகலையும் பட்டாவையும் அவள் கையில் கொடுத்து, “நீயே ஒரு வக்கீலிடம் காட்டிக்க அம்மணி, என்ன முறையோ அதைச் செஞ்சுக்கலாம்” என்று சொல்லுங்கள். அவள் உடனே சமாதானம் ஆகமாட்டாள். கண்டபடி பேசினாலும் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள். இத்தனை வருஷத்துப் பேச்சு சேர்ந்திருக்கும்.

இன்ஜினைப் பற்றி அவளாகப் பேச்செடுத்தால் மட்டும் பேசுங்கள். தரமாட்டேன் என்றால் அது அவள் பொருள், பானெட்டை மூடி வைத்துவிடுங்கள், பானெட் மூடிய 1932 மாடலும் பார்க்க அழகாகத்தான் இருக்கும். தந்தால், அதைப் பிரேக் ஆயிலில் மட்டும் போட்டுவிடாதீர்கள். அவள் பூசிய பெயிண்ட் வழிந்திருந்தாலும் அப்படியே இருக்கட்டும். நீங்கள் கேட்ட கூடுதல் வேலைப்பாட்டுக்கு அதிலேயே இடம் இருக்கிறது. ஸ்பார்க் பிளக்குக்குப் போகும் எட்டு வயர்கள் இந்தக் கிட்டில் வருவதில்லை. நிஜக் காரில் அந்த வயர் எட்டு மில்லிமீட்டர் கனம், உங்கள் அளவுக்குக் கணக்குப் போட்டால் 0.32 வரும். மோட்டார் ரீவைண்டிங் கடையில் 30 கேஜ் வைண்டிங் கம்பி கேளுங்கள், கிட்டத்தட்ட அதே கனம். ஒரு முழம் போதும், காசுகூட வாங்கமாட்டார்கள். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்டிரிபியூட்டரில் மிக மெல்லிய டிரில்லால் துளை போட்டுச் செருக வேண்டும். கண் நன்றாகத் தெரிகிற மகளிடம் அந்த வேலையைக் கொடுங்கள், அத்தையிடம் கேட்டுக்கொண்டு. ரெசின் இன்ஜினுக்கு ஏற்கெனவே ஆர்டர் போட்டிருந்தால் இன்றைக்கே ரத்து செய்யுங்கள்.