வானத்துக் கோடும் மலைப்பாதையும்

கேள்வி: உயரத்தில் போகும் விமானம் சில நாள் நீளமான வெள்ளைக் கோடு விடுகிறது, சில நாள் ஒன்றுமே தெரிவதில்லை. அது புகையா?

பதில்: புகையல்ல, பனித்துகள். 1 கிலோ விமான எரிபொருள் எரிந்தால் சுமார் 1.25 கிலோ நீராவி வரும். எரிபொருளிலுள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்வதால்தான் இந்தக் கூடுதல் எடை. பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் குளிர் மைனஸ் 40 டிகிரிக்கும் கீழே. அங்கே நீராவி கரித்துகள்களைப் பற்றிக்கொண்டு துளியாகி, உடனே உறைகிறது. வெளியேறும் வாயு ஆறிக் குளிரச் சற்று நேரம் பிடிப்பதால், இன்ஜினுக்கும் கோட்டுக்கும் நடுவே சின்ன இடைவெளி இருக்கும். கவனித்துப் பாருங்கள், அழகான காட்சி.

மேல்காற்று வறண்டிருந்தால் கோடு சீக்கிரமே கரைந்துவிடும். ஈரமாக இருந்தால் மணிக்கணக்கில் நின்று, பரவி, கீற்றுமேகம் போலாகும். அப்படிப் பரவியது பூமியின் வெப்பத்தைத் தடுத்து வைப்பதால், நீடிக்கும் கோடுகளே கவலைக்குரியவை. தரையிறங்கும்போது இறக்கை நுனியில் தெரியும் வெண்ணிழை வேறு: அங்கே சுழலும் காற்றில் அழுத்தம் குறைந்து, ஈரம் துளியாவதால் வருவது.

கேள்வி: மலையில் வளைந்து செல்லும் நடைபாதையை விட்டுக் குறுக்கே இறங்கினால் என்ன?

பதில்: தயவுசெய்து இறங்காதீர்கள். நல்ல பாதை சராசரியாக 10 மீட்டருக்கு 1 மீட்டருக்கு மேல் ஏறாது. நீர் வழிய, பள்ளத்தாக்குப் பக்கம் மீட்டருக்கு 5 சென்டிமீட்டர் சரிந்திருக்கும். குறுக்குவழி செங்குத்தானது. புல் மிதிபட்டதும் மழைநீர் அதிலேயே ஓடி, மண்ணை அரித்து, ஓடையாக்கிவிடும். பிறகு கீழ் வளைவும் இடியும்.