ஆப்பை நீக்கினால் சந்தா நிற்காது

கேள்வி: மொழி கற்றுத்தரும் ஆப் ஒன்றில் “7 நாள் இலவசம்” என்று போட்டிருந்தது. பணமே வேண்டாம் என்றவர்கள், கடைசிப் பக்கத்தில் கிரெடிட் கார்டு எண் கேட்டார்கள். கொடுத்தேன். இரண்டு நாள் பார்த்தேன், ஒத்துவரவில்லை. ஆப்பை போனிலிருந்து நீக்கிவிட்டேன். நான்கு மாதம் கழித்து ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தால் மாதாமாதம் பணம் பிடித்திருக்கிறார்கள். கார்டையே பிளாக் செய்துவிடலாமா? போன பணம் திரும்பக் கிடைக்குமா? இலவசம் என்றால் கார்டு எதற்கு? கணவர் இதை என் கவனக்குறைவு என்கிறார்.

பதில்: ஒரு வேலையை முடித்துவிட்டு மீதியைப் படியுங்கள். அந்தச் சந்தா இந்த நிமிடமும் உயிரோடுதான் இருக்கிறது. அடுத்த மாதமும் பணம் பிடிப்பார்கள். ஆப்பை நீக்கினால் போனில் இடம்தான் காலியாகும், சந்தா ரத்தாகாது. எந்த வழியாகச் சேர்ந்தீர்களோ அந்த வழியாகத்தான் வெளியே வரவேண்டும். ஐபோனில் சேர்ந்திருந்தால் ஆப்பிள் கணக்கிலும், ஆண்ட்ராய்டில் சேர்ந்திருந்தால் கூகுள் பிளேயிலும் “சப்ஸ்கிரிப்ஷன்ஸ்” என்ற பகுதி இருக்கும். நிறுவனத்தின் இணையதளத்தில் நேரடியாகக் கார்டு எண்ணைக் கொடுத்திருந்தால் அங்கே லாகின் செய்து கேன்சல் செய்யவேண்டும். எங்கே சேர்ந்தோம் என்றே நினைவில்லையா? ஸ்டேட்மென்ட்டில் யார் பெயரில் பணம் போயிருக்கிறது என்று பாருங்கள், தெரிந்துவிடும். ரத்தானதும் வரும் திரையைப் படமெடுத்து வையுங்கள். உறுதி செய்து மின்னஞ்சல் வந்தால் அழிக்காதீர்கள்.

கார்டை பிளாக் செய்யும் யோசனை பலருக்கும் முதலில் தோன்றுவதுதான். ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் ஒரு வசதி உண்டு: வங்கி உங்களுக்குப் புது கார்டு கொடுத்ததும், நீங்கள் ஏற்கெனவே கார்டைப் பதிந்துவைத்த நிறுவனங்களுக்குப் புது எண்ணும் காலாவதித் தேதியும் தானாகவே போய்ச் சேரும். கார்டு மாறியதால் உங்கள் சேவைகள் நின்றுவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. எல்லா வங்கியும் எல்லா நிறுவனமும் அதில் இல்லை. ஆனாலும் நீங்கள் வேண்டாம் என்ற சந்தா புது கார்டுக்குத் தாவி வரும் வாய்ப்பு உண்டு. தாவாவிட்டாலும் சிக்கல்தான். ஒப்பந்தப்படி சந்தா நடப்பில் இருக்கும், கட்டணம் பாக்கி என்று அவர்கள் எழுதுவார்கள். அதனால் முதலில் சந்தாவை ரத்து செய்யுங்கள். அதன்பிறகும் பணம் பிடித்தால் வங்கிக்குப் போங்கள்.

போன பணத்துக்கு வருவோம். நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதுங்கள், ஆப் ஸ்டோர் வழியாகச் சேர்ந்திருந்தால் அங்கேயே ரீஃபண்ட் கேளுங்கள். எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள், கடைசியாக எப்போது ஆப்பைத் திறந்தீர்கள் என்பதைச் சொல்லி, அதற்குப் பிறகு பிடித்த பணத்தைத் திருப்பித் தரும்படி எழுதினால் போதும். நீங்கள் பயன்படுத்தவில்லை என்பது அவர்கள் பதிவிலேயே இருக்கும். நான்கு மாதமும் கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன். கடைசி மாதக் கட்டணமாவது கிடைக்க வாய்ப்பிருக்கிறது. ஆனால் வங்கியிடம் “இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவே இல்லை” என்று மட்டும் புகார் கொடுக்காதீர்கள். கார்டு எண்ணை நீங்கள்தான் கொடுத்தீர்கள், நிபந்தனைக்குச் சம்மதித்த பதிவு அவர்களிடம் இருக்கும். பொய்ப் புகார் உங்கள் நியாயமான கோரிக்கையையும் கெடுத்துவிடும். ரத்து செய்தபிறகு பிடித்த பணம் என்றால் நிலைமையே வேறு. சார்ஜ்பேக், அதாவது பிடித்த பணத்தை வங்கி மூலமாகத் திரும்பப் பெறுவது, கேட்க அது வலுவான காரணம். ரத்தானதும் நீங்கள் எடுத்துவைத்த திரையின் படம் அப்போதுதான் உதவும்.

இலவசம் என்றால் கார்டு எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுவனங்கள் சொல்லும் காரணத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கார்டு கேட்காவிட்டால் ஒரே ஆள் பத்து மின்னஞ்சல் முகவரியில் பத்து முறை இலவசமாகச் சேர்வார். கார்டு செல்லுபடியாகிறதா என்று பார்க்கச் சிறு தொகை பிடித்து விடுவிப்பதும் இதற்காகத்தான். அதோடு நின்றிருந்தால் எனக்கும் ஆட்சேபம் இல்லை. அடையாளம் பார்க்கத்தான் கார்டு என்றால், ஏழாம் நாள் முடிந்ததும் “தொடர விருப்பமா?” என்று ஒரு முறை கேட்டுவிட்டுப் பணம் எடுக்கலாமே. அப்படிக் கேட்பதில்லை. நீங்கள் பேசாமல் இருந்தால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்கிறார்கள். கடையில் பொருள் வாங்க “சரி” என்று சொல்லவேண்டும்; இங்கே வாங்காமல் இருக்க நினைவாக “வேண்டாம்” என்று சொல்லவேண்டும். இந்தப் புரட்டலுக்குத்தான் உங்கள் கார்டு தேவைப்படுகிறது.

உங்கள் கணவரிடம் இதைக் காட்டுங்கள். அமெரிக்காவில் உடற்பயிற்சிக் கூட உறுப்பினர்களைப் பற்றி 2006ல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. மாதச் சந்தா கட்டியவர்கள் கடைசியாக வந்துபோன நாளுக்கும் சந்தாவை ரத்து செய்த நாளுக்கும் இடையே சராசரியாக 2.3 மாதம் கழிந்திருந்தது. கார்டு தரவுகளை வைத்துப் பின்னாளில் செய்த இன்னொரு ஆய்விலும் இதே கதைதான்: கார்டு மாறி, எண்ணைத் திரும்பக் கொடுக்கவேண்டி வந்த மாதத்தில், சந்தாவை விடுகிறவர்கள் கூடியிருந்தார்கள். அதுவரை கட்டிக்கொண்டிருந்ததில் ஒரு பகுதி விரும்பிக் கட்டியது அல்ல என்றுதானே அர்த்தம்? மறதி மனித இயல்பு. அதை வருமானமாகக் கணக்கில் வைத்துத் திட்டம் போடும்போது, பழியை மறந்தவர் தலையில் மட்டும் போடுவது நியாயமில்லை.

அரசுகளும் இதைத் தனிமனிதர் கவனக்குறைவு என்று விட்டுவிடவில்லை. அமெரிக்காவில் 2010லேயே இதற்குச் சட்டம் வந்தது: நிபந்தனைகளைத் தெளிவாகச் சொல்லவேண்டும், வெளிப்படையான சம்மதம் வாங்கவேண்டும், ரத்து செய்ய எளிய வழி தரவேண்டும். அந்தச் சட்டத்தின் கீழ் தொடுத்த வழக்கில்தான் 2025 செப்டம்பரில் அமேசான், பிரைம் சந்தா தொடர்பாக 250 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. ஜெர்மனியில் 2022 ஜூலை முதல் இணையதளத்தில் ரத்து செய்யும் பட்டன் கட்டாயம். விசா நிறுவனமும் 2020ல், ட்ரையல் (இலவச நாட்கள்) முடிந்து பணம் எடுக்கும் முன் வாடிக்கையாளருக்கு நினைவூட்ட வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. இந்தியாவில் 2023 நவம்பரில் வந்த வழிகாட்டுதல்கள் சந்தாப் பொறியை, அதாவது சேர்ந்தவர் எளிதில் வெளியேற முடியாதபடி சந்தாவை அமைப்பதை, பெயர் சொல்லியே தடை செய்தன.

உங்கள் கார்டு எந்த நாட்டு வங்கியுடையது என்று எழுதவில்லை. இந்திய வங்கியின் கார்டு என்றால் கூடுதலாக ஒரு பிடிமானம் இருக்கிறது. 2021 அக்டோபர் முதல், தானாகப் பிடிக்கும் பணத்துக்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் வங்கி உங்களுக்குத் தகவல் அனுப்பவேண்டும். அந்த அனுமதியை வங்கியிலேயே ரத்து செய்யவும் முடியும். அந்தச் செய்திகள் வந்து நீங்கள் கவனிக்காமல் போயிருக்கலாம், தேடிப்பாருங்கள்.

இனி ட்ரையலில் சேரலாமா என்றால், தாராளமாகச் சேருங்கள். சேர்ந்த அன்றே, அதே பத்து நிமிடத்துக்குள் கேன்சல் செய்துவிடுங்கள். பெரும்பாலான சேவைகள் அதன்பிறகும் இலவச நாட்கள் முடியும்வரை திறந்தே இருக்கும். சில மட்டும் உடனே கதவைச் சாத்திவிடும்; ரத்து செய்யும் பக்கத்திலேயே அதைச் சொல்லியிருப்பார்கள். அப்படிப்பட்டவற்றுக்கு முடியும் நாளுக்கு இரண்டு நாள் முன்பாக போனில் அலாரம் வையுங்கள். கடைசி நாள் வேண்டாம்: ஆப்பிளில் ட்ரையல் முடிய 24 மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்யவேண்டும். கார்டு எண்ணைக் கொடுக்கும் முன் ஒன்றை மட்டும் நிதானமாகப் படியுங்கள்: ட்ரையல் முடிந்ததும் பிடிப்பது மாதக் கட்டணமா, ஆண்டுக் கட்டணமா? மாதக் கணக்கைப் பெரிய எழுத்தில் போட்டுவிட்டு ஆண்டுத் தொகையை ஒரே தவணையில் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். டெபிட் கார்டைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். கிரெடிட் கார்டில் பில் கட்டும் முன் தகராறு செய்ய அவகாசம் இருக்கும். டெபிட் கார்டில் உங்கள் சேமிப்புப் பணமே போய்விடும். வங்கி தரும் விர்ச்சுவல் கார்டில் (இணையத்தில் பயன்படுத்த எண் மட்டும் உள்ள கார்டு) சிறு வரம்பு வைத்துக் கொடுப்பது நல்ல வழி, ஆனால் அதற்கும் மேலே சொன்ன விதிதான்: சந்தாவைத் தனியாக ரத்து செய்தாகவேண்டும்.

இன்னொரு வேலையும் உங்களுக்கு இருக்கிறது. நான்கு மாத ஸ்டேட்மென்ட் பார்த்ததோடு நிற்காதீர்கள். ஆண்டுச் சந்தா வருடத்தில் ஒரு முறைதான் தலைகாட்டும். பதின்மூன்று மாத ஸ்டேட்மென்ட்டை டவுன்லோட் செய்து, திரும்பத் திரும்ப வரும் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து ஒவ்வொரு பெயரையும் வாசித்து, போன மாதம் இதை யார் திறந்தீர்கள் என்று கேளுங்கள். உங்கள் கணவரின் கார்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.