பையனுக்கு கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் நானா இருக்கேனே!

கேள்வி: அக்கா, என் பையனுக்கு 6 வயசு, போன வருஷம் ஆட்டிசம்னு சொல்லிட்டாங்க. டாக்டர் ஒவ்வொரு கேள்வியா கேக்க கேக்க, எனக்கு உள்ளுக்குள்ள 'இதெல்லாம் நானும்தானே'ன்னு ஓடிட்டே இருந்துச்சு. கல்யாண மண்டபத்துல மேளம் ஆரம்பிச்சா இப்பவும் பாத்ரூம்ல போய் நின்னுக்குவேன், பிளவுஸ் தையல் உறுத்துச்சுன்னா அன்னிக்கு ஒரு வேலையும் ஓடாது, சொல்லாம யாராவது வீட்டுக்கு வந்தா அழுகையே வந்துடும். ஸ்கூல்ல ஃபர்ஸ்ட் ரேங்க், அதனால யாரும் கண்டுக்கல. வீட்டுக்காரர் 'நெட்ல படிச்சுட்டு உளறாத'ங்கறார். மாமியாருக்கு தெரிஞ்சா 'அப்ப உன்னாலதான்'னு முடிச்சுடுவாங்க. 37 வயசுல டெஸ்ட் எடுத்து என்ன ஆகப்போகுது? அவன் கத்தும்போது நானும் சேர்ந்து கத்திடறேன், அதுதான் தாங்க முடியல.
- பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: பிள்ளைக்கு பார்க்கப் போய் தன்னை கண்டுபிடிச்ச அம்மா அப்பா நிறைய பேர் இருக்காங்கம்மா. நல்லா பேசி நல்லா படிக்கிறவங்களுக்கும் இது இருக்கலாம்னு அமெரிக்க மனநல டாக்டர்களோட கையேட்டுல ஆஸ்பெர்கர்ங்கற பேர்ல ஏறினதே 1994-ல, நீங்க ஒண்ணாங்கிளாஸ் போயிட்டு இருந்த சமயம். அப்ப நம்மூர்ல வாயத் திறக்காம ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்குற பொம்பளப்பிள்ளைக்கு 'சமத்து'ன்னு பேரு, வேற என்ன.

மாமியார் விஷயம். ஆட்டிசத்துல பரம்பரைக்கு பெரிய பங்கு இருக்கறது உண்மைதான், ஆனா அது ஒரே ஒரு ஜீன் இல்ல, நிறைய ஜீன், ரெண்டு பக்கத்துல இருந்தும் வரும், சிலருக்கு அப்பா அம்மாகிட்ட இல்லாத ஜீன் மாற்றம் புதுசாவும் வரும். இதுல நீங்க செஞ்ச தப்புன்னு எதுவுமில்ல. அம்மா பாசமா இல்லாததாலதான் வருதுன்னு ஒரு காலத்துல பெரிய பெரிய டாக்டருங்களே சொல்லிட்டு திரிஞ்சாங்க, 1964-ல பெர்னார்ட் ரிம்லேண்ட்னு ஒரு உளவியலாளர், அவரும் ஆட்டிசம் உள்ள பையனோட அப்பாதான், புத்தகமே எழுதி அதை உடைச்சார். உங்க மாமியாருக்கு இதெல்லாம் விளக்கிட்டு இருக்க வேண்டாம், சொல்லாமலே விட்டுடுங்க.

வீட்டுக்காரர் சொல்றதுலயும் கால்வாசி நியாயம் இருக்கு. பதட்ட நோய், ஏடிஹெச்டி (கவனம் நிக்காம, துறுதுறுன்னு இருக்கறது), வருஷக்கணக்கா தூக்கம் இல்லாதது எல்லாமே பார்க்க இதே மாதிரி இருக்கும், ஆட்டிசமும் ஏடிஹெச்டியும் சேர்ந்தும் இருக்கலாம். நெட்ல இருக்கற டெஸ்ட்டை வச்சு முடிவு பண்ணாதீங்க. ஆர்சிஐ-ல, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல, பதிவு பண்ண கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டா பாருங்க, பெரியவங்களை பார்ப்பீங்களான்னு போன்லயே கேட்டுடுங்க, நிறைய பேர் குழந்தைங்களை மட்டும்தான் பார்க்கறாங்க. சின்ன வயசுல எப்படி இருந்தீங்கன்னு கண்டிப்பா கேப்பாங்க, அதனால உங்கம்மாவை கூட்டிட்டு போங்க, பழைய ரேங்க் கார்டுல டீச்சர் எழுதினது இருந்தா அதையும் எடுத்துக்குங்க. காசுக்கு இடிச்சா முதல்ல பையனோட தெரபி, உங்க டெஸ்ட் ஆறு மாசம் கழிச்சு கூட எடுக்கலாம், ஒண்ணும் ஓடிப்போயிடாது.

ஆனா கத்தறதுக்கு இன்னிக்கே ஏதாவது பண்ணணும். குக்கர் விசில், டிவி சீரியல், மிக்சி, நடுவுல அவன் அலறல், இது அவனை எப்படி அடிக்குதோ அப்படியேதான் உங்களையும் அடிக்குது, இதுல நீங்க மட்டும் பொறுமையா இருக்கணும்னா எப்படி? சட்னியை காலையிலயே அரைச்சு வைங்க. மெடிக்கல்ல விக்கிற இயர் பிளக் போட்டுக்குங்க, சத்தம் குறையுமே தவிர அவன் குரல் கேக்கும். அவன் அலறும்போது புத்தி சொல்லாதீங்க, ரெண்டடி தள்ளி பேசாம உக்காருங்க. வீட்டுக்காரர்கிட்ட 'எனக்கும் ஆட்டிசம்'னு வாதாட வேண்டாம், '7 மணிக்கு டிவி ஆஃப், நான் கை காட்டினா நீங்க வந்து பையனை பாத்துக்கணும்'னு மட்டும் பேசி வச்சுக்குங்க, அதுக்கு டாக்டர் ரிப்போர்ட் எதுவும் தேவையில்ல.

இன்னொண்ணு, யூனிஃபார்ம் காலர் ஏன் உறுத்துதுன்னு அவன் சொல்லாமலே உங்களுக்கு புரியும், நல்லதுதான், அதுக்காக எல்லாத்துலயும் அவன் உங்கள மாதிரின்னு நெனச்சுடாதீங்க, நீங்க ஓடி ஒளியற மேளத்தை அவன் ஸ்பீக்கர்கிட்ட போய் நின்னு ரசிக்கலாம்.

கை ஓங்கற அளவுக்கு கோவம் வந்தாலோ, வாழவே பிடிக்கலன்னு தோணினாலோ டெஸ்ட் வரைக்கும் காத்திருக்காம அரசாங்கத்தோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416-க்கு போன் பண்ணுங்க, ராத்திரியானாலும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.